வெள்ளிக்கிழமை உறைமோர்

என் தங்கை புருஷனுக்கு விஞ்ஞானம் பிடித்தது, மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்த அரை நிமிஷத்தில். சிலருக்குப் பேய் பிடிக்கிறது, சிலருக்குச் சீட்டாட்டம். இவருக்கு விஞ்ஞானம். பிடித்தது பிடித்ததுதான், சாகும்வரை இறங்கவில்லை. அதை ஏற்றிவிட்ட புண்ணியவான் நானே என்பதால், அவரைப் பற்றி எழுதுகிற இடத்திலெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் திட்டவேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். ரயிலடிக்குப் போகிற சாலையில் இரண்டு அறை கிளினிக். முன்னறை டாக்டருக்கு, பின்னறை எனக்கு. மிக்சர் கலப்பேன், களிம்பு குழைப்பேன், வேளைக்கு எவ்வளவு என்று தெரியும்படி காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி பாட்டிலில் ஒட்டுவேன். மலமோ சளியோ எது வந்தாலும் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பதும் என் வேலை. அந்த மைக்ராஸ்கோப் பித்தளையில் செய்தது, டாக்டர் யாரிடமோ பழசாக வாங்கியது. அதைத் துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை வீட்டில் காட்டியிருந்தால் என் மனைவி என்னோடு இன்னும் கொஞ்சம் பேசியிருப்பாள். படித்தது எஸ்.எஸ்.எல்.சி. நினைப்பு என்னவோ செங்கல்பட்டில் டாக்டருக்கு அடுத்தது நான்தான் என்று.

தங்கையை மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சவுக்குத்தோப்புக் குத்தகை. மரத்தை வெட்டிக் கட்டி, கால்வாயில் படகேற்றி மெட்ராஸுக்கு விறகாக அனுப்புவார். மாதத்துக்கு ஒருமுறை தானும் படகோடு போவார். விறகை இறக்கிவிட்டு, பட்டணத்தில் காதில் விழுந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்புவார். ஒரு மாதம் வெந்நீரில்தான் குளிக்கவேண்டும் என்பார், அடுத்த மாதம் வெந்நீர் நரம்பைக் கெடுக்கும் என்பார். நாங்கள் பெண் கொடுத்தவர்கள். மாப்பிள்ளை சூரியன் கிழக்கே மறைகிறது என்று சொன்னால், "ஆமாங்க மாப்ளே, இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே மறையுது" என்று தலையாட்டியாக வேண்டிய கூட்டம். எங்கள் அப்பா அப்படித்தான் ஆட்டினார். அவர் போன பிறகு அந்தத் தலை எனக்கு வந்து சேர்ந்தது.

ஒருநாள் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொள்ள மாப்பிள்ளை கிளினிக்குக்கு வந்தார். டாக்டர் வெளியே போயிருந்தார். பின்னறையில் உட்காரவைத்தேன். பித்தளை பளபளப்பதைப் பார்த்து, இது இன்னா சாமான் என்று கேட்டார். கேட்ட மனுஷனிடம் இது டாக்டர் சாமான் என்று சொல்லிவிட்டு முள்ளை எடுத்திருக்கலாம். நம் புத்தி அப்படியா போகும்? மதியச் சாப்பாட்டுக்கு டிபன் அடுக்கில் மோர் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, திருகைத் திருப்பி, பாருங்க மாப்ளே என்றேன். குச்சி குச்சியாகவும் மணி மணியாகவும் ஆயிரக்கணக்கில் நடுங்கிக்கொண்டிருந்திருக்கும். நான் தினமும் பார்ப்பது. அவர் தலையை எடுக்கவே இல்லை.

"இன்னா மச்சான், இம்மாம் பூச்சி கீது? இத்தயா இத்தினி நாளா துன்னுகினு இருந்தோம்?"

அவை நல்ல பூச்சிகள், பாலைத் தயிராக்குவதே அவைதான் என்று அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். எனக்குத் தெரியும். மருந்துக் கம்பெனி ஏஜெண்டு விட்டுப்போன ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. எத்தனை வருஷமாகத் தலையாட்டியிருக்கிறேன், இன்றைக்காவது இந்த மனுஷன் நம் எதிரில் வாய் பிளக்கட்டும் என்று, "எல்லாத்துலயும் கிருமிதான் மாப்ளே, பழைய சோத்துல இதைவிட ஜாஸ்தி" என்று பெரிய மனுஷன்போலச் சொல்லி அனுப்பினேன்.

ஊருக்குப் போன அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டார். பழையது கூடாது, மோர் கூடாது, தயிர் கூடவே கூடாது. எது வாய்க்குள் போனாலும் அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க இறங்கியிருக்கவேண்டும். இரண்டு பசு கட்டியிருந்த வீட்டில் தயிர்ப்பானை கவிழ்ந்தது. இதைத் தங்கை கார்டில் எழுதியபோது நான் சிரித்தேன். அடுத்த படகில் வேறு கிறுக்கு வரும், இது போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. அதற்குள் அவர்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயசு. வாய் ஓயாத பெண். என்னைக் கண்டால் மாமா, மருந்து வாசனை என்று மூக்கைப் பிடித்துக்கொள்வாள். கொதிக்கவைத்ததைத் தவிர வேறெதுவும் தராமல் வளர்த்த பிள்ளைக்கே டைபாய்டு வந்தது. செங்கல்பட்டுக்குத் தூக்கிவந்தார்கள். அப்போதுதான் அதற்கு கேப்சூல் வந்திருந்தது. முன்னெல்லாம் டைபாய்டு என்றால் மூன்று வாரம் தெய்வத்தைக் கூப்பிடுவதுதான் வைத்தியம். இந்த கேப்சூல் கொடுத்த நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அது இல்லாவிட்டால் அவள் இல்லை.

டாக்டர் கணக்காகச் சில நாளைக்கு எழுதிக்கொடுத்து, முடிந்ததும் நிறுத்திவிடு என்று அனுப்பினார். மாப்பிள்ளை நிறுத்துவாரா? காய்ச்சலை உண்டாக்கிய கிருமி செத்தது, சரி. மோரில் பார்த்த அந்த லட்சம் கிருமி? அதுவும் வயிற்றுக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது? ஒன்றுவிடாமல் சாகட்டும் என்று முடிவுகட்டி, இன்னும் கொஞ்சம் அனுப்பு மச்சான் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

அனுப்பினேன். டாக்டரைக் கேட்கவில்லை. சின்னப் பொட்டலமாகக் கட்டி, திருக்கழுக்குன்றம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமும் கேட்டார், அனுப்பினேன். அதற்கடுத்த வாரமும் அனுப்பினேன். மாப்பிள்ளை என்னிடம் கெஞ்சாத குறையாகக் கேட்கிறாரே, அந்த ருசி இருக்கிறதே, அது பொல்லாதது. ஐந்து வாரம் போயிற்று.

பிறகு தங்கையின் கார்டு வந்தது. பென்சிலில் நாலே வரி. பிள்ளைக்குத் தண்ணீராகப் போகிறது, ஒருநாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், நாக்கு வெள்ளையாக இருக்கிறது, எழுந்து நிற்க மாட்டேனென்கிறாள், உடனே வா. அதைப் படித்த கையோடு ஓடிப்போய் டாக்டரிடம் நீட்டினேன்.

டாக்டர் முசுடு. நோயாளிகளை நாயே பேயே என்பார். என்னை ஒருநாளும் திட்டியதில்லை, அன்றைக்கு அதற்கும் சேர்த்துத் திட்டினார். எத்தனை நாளாகக் கொடுக்கிறான், யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். கார்டை மேஜையில் எறிந்தார்.

"களை எடுக்கிறேன்னு வயலையே கொளுத்திட்டான் உன் மாப்பிள்ளை. தீப்பெட்டியை எடுத்துக் குடுத்தது நீ."

பிறகு, கோபம் கொஞ்சம் தணிந்த குரலில், செய்யவேண்டியதைச் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கிற கிருமிகளில் நமக்கு உழைக்கிறதே அதிகம், தின்றதைச் செரிக்கவைப்பதும் கெட்டது வந்து குந்தாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதும் அதுதான், இந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். கேப்சூலை இன்றைக்கே நிறுத்து. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் ஓயாமல் கொடு. மோர் கொடு, வேளைக்கு வேளை கொடு, புளித்திருந்தாலும் பரவாயில்லை. இன்னும் நாலு நாள் இப்படியே போனால் தாங்காது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மாப்பிள்ளையிடம் மோரை மருந்தென்றுதான் விற்கமுடியும் என்று மூட்டையில் நாலு மருந்து பாட்டிலைக் காலியாகவே திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். செங்கல்பட்டில் கால் படி தயிர் வாங்கிக்கொண்டு போகத் தோன்றியதா? இல்லை. இரண்டு பசு கட்டியிருக்கிறார்கள், அங்கே மோருக்கா பஞ்சம் என்று போய்விட்டேன். படித்தவன் இல்லையா.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி, கடற்கரைச் சாலையில் இறங்கி, மணலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது வீடுகளில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. பிள்ளை பாயில் கிடந்தாள். கண் குழிக்குள் போயிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கை எழவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்து கேப்சூலைப் பிரித்து, பொடியைத் தேனில் குழைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கிருமி கீது மச்சான், அதான் வெளிய போயிகினே கீது, டோசைக் கூட்டியிருக்கேன் என்றார். அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்க எனக்குக் கை துடித்தது. பிடுங்கவில்லை. டாக்டர் இதை நிறுத்திவிட்டு வேறு மருந்து தரச் சொன்னார் மாப்ளே, இரண்டும் ஒத்துக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நயமாகச் சொன்னேன். டாக்டர் பெயரைச் சொன்னதும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

அடுக்களைக்குப் போய்த் தங்கையிடம் மோர் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மோரு எங்கேண்ணா இருக்குது? பானையையே வெந்நீர்ல போட்டுக் கொதிக்கவச்சாரு. அம்மா குடுத்தனுப்புன ஒறை, அதோட போச்சு."

அவள் கல்யாணமாகி வந்தபோது எங்கள் அம்மா ஒரு சின்னச் செம்பில் எங்கள் வீட்டு மோரைக் கொடுத்துவிட்டிருந்தாள். ஏழு வருஷம் தினமும் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றி வந்தது அது. பசு இரண்டு நின்றால் என்ன, உறைமோர் ஒரு கரண்டி இல்லாமல் பால் தயிராகாது. அந்த வீட்டில் பால் இருந்தது, பானை இருந்தது, பூச்சி மட்டும் இல்லை.

தெருவில் கேட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மூன்று வீட்டில் கேட்டேன். மூன்றிலும் என்னை உட்காரச் சொன்னார்கள், பிள்ளைக்கு எப்படியிருக்கிறது என்று கண் கலங்க விசாரித்தார்கள், விளக்கு வைத்தாயிற்றே, அதுவும் வெள்ளிக்கிழமையாச்சே, உறைமோர் கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளே, நாளைக்கு விடிந்ததும் முதல் வேலையாகத் தருகிறோம் என்றார்கள். ஒரு அம்மாள் அழுதேவிட்டாள், ஆனால் தரவில்லை. திரும்பிவந்து மாப்பிள்ளையிடம், டாக்டர் மோரும் கொடுக்கச் சொன்னார், அந்தப் புது மருந்தோடு சேர்ந்தால் மோர்க் கிருமியால் கெடுதல் இல்லையாம், எங்கேயும் கிடைக்கவில்லை, நீங்கள் போய்க் கேட்டால் தருவார்கள் என்றேன். கிருமியை லட்சம் லட்சமாகக் கொன்ற அந்த விஞ்ஞானி என்ன சொன்னார் தெரியுமா? வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு ஒருத்தர் வீட்டில் போய் ஒறமோரு கேக்கறதா, நல்லா இருக்குதா மச்சான் என்றார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமாம்.

மறுபடி அடுக்களைக்கு வந்து நின்றேன். தங்கை கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டே, தோப்பில் சுள்ளி கட்டுகிறவள் வீட்டில் இருக்கிறது, ஆனால் அவருக்குத் தெரியக்கூடாது என்றாள். அந்தப் பெண்பிள்ளை சேரியைச் சேர்ந்தவள். தினமும் காலையில் கொல்லைப்பக்கம் வந்து, இந்த வீட்டில் மிஞ்சிய பழையதையும் மோரையும் சட்டியில் வாங்கிப்போவாள். சட்டம் வந்த நாளில் மாப்பிள்ளை, இருக்கிறதையெல்லாம் அவளிடம் ஊற்று, அதுங்களுக்கு ஒண்ணும் ஆவாது என்று சொன்னாராம். பானையைக் கொதிக்கவைக்கும் முன் தங்கை எல்லாவற்றையும் அவள் சட்டியில் சாய்த்துவிட்டிருந்தாள்.

ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைவழியாக நடந்தேன். சேரி தோப்புக்கு அந்தப்பக்கம், கால்வாய்க்கரையில் இருந்தது. நான் அதற்குமுன் எந்தச் சேரிக்குள்ளும் போனவன் இல்லை, செங்கல்பட்டில் அவர்கள் மருந்துக்கு வந்தாலும் ஜன்னல்வழியாகத்தான் கொடுப்பேன். அவள் வாசலில் ஒரு பசு கட்டியிருந்தது, யாரோ ஒருவருடையதை வாரத்துக்கு, பங்கு பேசி வளர்க்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போகாமல் நின்றாள்.

"எங்க வூட்டுதுங்க ஐயா. கொயந்தைக்குக் குடுப்பீங்களா?"

கொடுப்பேன் என்றேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்தாயிற்று, உனக்குப் பரவாயில்லையா என்றும் கேட்டுத் தொலைத்தேன். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் சிரித்தாள். "லச்சுமி எங்க வூட்டுக்கு எப்ப வந்தா, இப்ப கோச்சிகினு போறதுக்கு? பாட்டிலை இப்டி வையுங்க. இது உங்க தங்கச்சியம்மா ஊத்துனதுதான். நான் வுடாம ஒறை குத்திகினு வரேன்."

நான் பாட்டிலைத் தரையில் வைத்தேன், கையில் கொடுக்கவில்லை. அவளும் அப்படித்தான் எதிர்பார்த்தாள். ஊற்றி, அதே இடத்தில் வைத்தாள். எங்கள் அம்மா வீட்டு மோர்.

வீட்டுக்குள் நுழையுமுன் பாட்டிலில் காகிதத்தை எட்டுப் பல்லாக வெட்டி ஒட்டினேன். பிறகு மாப்பிள்ளையிடம் காட்டி, இதுதான் புது மருந்து, பட்டணத்திலேயே இப்போதுதான் வந்திருக்கிறது என்றேன். மோந்து பார்த்தார். புளிப்பாக் கீதே என்றார். பெனிசிலினைப் பூஞ்சையிலிருந்து எடுக்கிறார்கள் இல்லையா, அந்த வகை, அப்படித்தான் இருக்கும் என்றேன். ஸ்ட்ராங்கா என்றார். ரொம்ப ஸ்ட்ராங் என்றேன். அவ்வளவுதான், பாட்டிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, காகிதப் பல்லுக்கு ஒரு மயிரிழை ஏறாமல் இறங்காமல் தானே ஊற்றிக் கொடுத்தார். பிள்ளை முகத்தைச் சுளித்து விழுங்கினாள். மிச்சத்தில் ஒரு கரண்டியைத் தங்கை பாலில் விட்டு மூடிவைத்தாள். காலையில் உறைந்திருந்தது. அதிலிருந்து மறுநாள் பாட்டிலை நிரப்பினோம்.

மூன்றாம் நாள் பிள்ளை வயிறு கொஞ்சம் கட்டியது. பத்து நாளில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். டாக்டரே மோர் கொடுக்கச் சொன்னார் என்று நான் சொல்லியிருந்ததால், மோருக்கும் தயிருக்கும் மட்டும் சட்டத்தைத் தளர்த்தினார் மாப்பிள்ளை. கேப்சூலை நிறுத்தியதால் பிழைத்தாளா, கஞ்சியாலா, மோராலா என்று கேட்டால் நான் சத்தியம் செய்யமாட்டேன். மூன்றும் சேர்ந்துதான் என்பார் டாக்டர். இப்போது கடையில் குட்டிக் குட்டி பாட்டிலில் நல்ல பாக்டீரியா என்று அச்சடித்து விற்கிறார்கள், என் பேரன் வாங்கிவந்து பக்தியோடு குடிக்கிறான். குடிக்கட்டும். பாட்டிலுக்குள் போனால்தான் நம்மவர்களுக்கு எதுவும் மருந்தாகும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்த வருஷம் தை மாசம் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார் மாப்பிள்ளை. பிள்ளை கன்னம் உப்பி, பட்டுப்பாவாடையில் ஓடிக்கொண்டிருந்தாள். காகிதப் பல் ஒட்டிய அந்தக் காலி பாட்டில் அலமாரியில் சாமிபடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டினார், பூஞ்சையில் செய்தது, பட்டணத்து மருந்து, எங்க மச்சான்தான் கொண்டாந்தான் என்று. உறைமோர் தராத அந்த மூன்று வீட்டுக்காரர்களும் பாட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் பக்கத்திலேயே நின்று சிரித்தேன். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து மாப்பிள்ளை என்னை உபசரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல்தடவையாக அவர் எனக்குத் தலையாட்டினார்.

அந்தச் சுள்ளி கட்டுகிறவள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். சோற்றுக்கு வந்திருப்பாள், பிள்ளையையும் பார்க்கலாம் என்று வந்திருப்பாள். பிள்ளை அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குனிந்து, புதுத்தோட்டைத் தொட்டுப்பார்க்க ஒரு விரலை நீட்டினாள்.

மாப்பிள்ளை இலையிலிருந்தே குரல் கொடுத்தார். "யேய், புள்ளையைத் தொடாத. தள்ளி நில்லு. கிருமி ஒட்டிகினா எவன் பாக்கறது?" பிறகு உள்ளே பார்த்து, பிள்ளைக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடச் சொன்னார்.

அவள் விரலை மடக்கிக்கொண்டு, நாலு அடி பின்னால் போய், கதவுக்கு வெளியே நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, கம்பவுண்டர் ஐயா என்ன சொல்கிறார் பார்ப்போம் என்பதுபோல.

எனக்கு வாய்வரை வந்தது. பாட்டிலில் இருந்தது இவள் வீட்டு மோர் என்று ஒரே வரி. சொன்னால் பாட்டில் போகும், மச்சான் என்கிற மரியாதை போகும், தங்கைக்கு அடி விழும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தங்கை பெயரை இழுத்தது சும்மா. அதற்குள் தயிர் தூக்கு பந்திக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை, என் மச்சானுக்கு ரெண்டு கரண்டியா ஊத்து, நல்லா கெட்டித் தயிரு, எங்க வூட்டு ஒறை என்றார். தங்கை என் இலையில் ஊற்றினாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் தலையைக் குனிந்து பிசைந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.